வாயில் வராத ஊர்ப்பெயர்

நெடுந்தீவில் பிறந்து வளர்ந்த கீர்த்திகனுக்கு நெடுந்தீவு என்று சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே கொன்னை, பேச்சு திக்கும். எல்லா எழுத்தும் அவனை ஒரேமாதிரி மறிப்பதில்லை. ‘ந’வில் தொடங்கும் சொல்தான் கொடுமை. நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் தானாக மூடும். சொல் மட்டும் வராது. அதனால் அவன் பேச்சில் ‘நான்’ கிடையாது. ‘நாளைக்கு’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘விடிய’ என்பான். தாய் மனோகரிக்கு இது தெரியும். மற்றவர்கள் அவனைக் கதை குறைந்த பொடியன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்துக் கம்பஸில் முதலாம் வருடம் அவன் நிம்மதியாகத்தான் இருந்தான். பெரிய மண்டபம். ஒருவர் முன்னால் நின்று வாசிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. புவியியலில் நல்ல புள்ளி எடுத்தான்.

இரண்டாம் வருடம் நிலாந்தி மிஸ் படிப்பிக்க வந்தார். நல்ல மனுசி. மலையகப் பிள்ளைகள் ஒரு மூலையில், மன்னார் முஸ்லிம் பிள்ளைகள் ஒரு மூலையில், தமிழ் பழகிக்கொண்டிருந்த சிங்களப் பிள்ளைகள் கதவோரத்தில் என்று வகுப்பு பிரிந்து கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னார். ஒவ்வொரு வகுப்பிலும் எல்லோரும் ஒரு நிமிடமாவது கதைக்க வேண்டும், அதற்குப் புள்ளியும் உண்டு என்றார்.

முதல்நாள் பேரும் ஊரும் சொல்ல வேண்டியிருந்தது. பேரை ஒருமாதிரித் தள்ளி வெளியே எடுத்துவிட்டான். ஊரில் நாக்கு ஒட்டிக்கொண்டது. வட்டம் முழுக்க அவனைப் பார்த்தது. அந்த அந்தரத்தில் வாய்க்கு வழுக்கி வந்த பக்கத்துத் தீவின் பேரைச் சொன்னான்.

“அனலைதீவு.”

மிஸ் சிரித்துத் தலையசைத்து அடுத்த பிள்ளைக்குப் போனார். அவனுக்கு உயிர் வந்தது.

பிறகு ஒவ்வொருவரும் தங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்று மிஸ் முடிவெடுத்தார். ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து அதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை, தோட்டத்து லய வீடுகளுக்கு மலையிலிருந்து பீலியில் தண்ணீர் வரும் விதத்தைச் சொல்லத் தொடங்கியது, நிறுத்தவேயில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். கீர்த்திகனும் தட்டினான். வட்டம் உண்மையிலேயே சிலரைத் திறந்துவிட்டது என்று அவனுக்கு விளங்கியது. தன் முறை நெருங்கியபோது காய்ச்சல் என்றான், பிறகு தலையிடி என்றான். வகுப்பு நாட்களில் சாப்பிட்டதைச் சத்தி எடுத்தான்.

ஒருநாள் மறைய ஏலாமல் போயிற்று. அவன் எழும்பி நின்றதும், முதல்நாள் வராதிருந்த அனலைதீவுப் பொடியன் நிலக்ஷன், ஊரில் எவடம், ஆரின்ர மகன் என்று கேட்டான்.

“எங்கட ஊரில எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் மிஸ். இவர் எங்கட ஆள் இல்லை,” என்றான் நிலக்ஷன்.

மிஸ்ஸின் முகம் மாறியது. “அப்ப நீர் பொய்தானே சொன்னனீர்? இந்த வகுப்பு உமக்குப் பகிடியா?”

உண்மையைச் சொல்ல அவனுக்கு அந்த ஒரு சொல்தான் வேண்டும். கண் மூடியது, வாய் கோணியது, நாடி நடுங்கியது. அவன் முகத்தைக் கோணலாக்கிப் பகிடி பண்ணுகிறான் என்று நினைத்து யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வட்டத்தைச் சுற்றியது. அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

குறிகட்டுவான் துறையில் படகு ஏறும்வரை அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டில் கம்பஸ் லீவு என்றான். ஒரு கிழமைக்குப் பிறகு, இனிப் போகேல்லை என்றான். தகப்பனோடு மாடுகளைக் கொண்டுபோய்த் தண்ணீர் காட்டினான். மிஸ்ஸின் தொலைபேசி அழைப்புகள் வந்தன. தொலைபேசியில் பேசுவதைவிட அவனுக்குப் பெரிய தண்டனை இல்லை, எடுக்கவில்லை. பொழுதுபட்டால் தனியாகக் கரைக்குப் போய் நின்றான். அங்கே நின்று என்ன யோசிக்கிறான் என்று கேட்க மனோகரிக்குப் பயமாக இருந்தது. கேட்காமல் பின்னாலேயே போய், கொஞ்சம் தள்ளி, கற்களில் குந்தியிருந்தாள்.

நாலைந்து நாள் அப்படிப் போனபிறகு கேட்டாள். “உனக்குக் கொன்னை எண்டு அந்த மிஸ்ஸுக்குத் தெரியுமே?”

இல்லை என்று தலையாட்டினான்.

“அப்ப வா. அதையாவது சொல்லிப்போட்டுப் பிறகு படிப்பை விடலாம்.”

இரண்டு பேரும் போனார்கள். மிஸ்ஸின் அறையில் மனோகரி, “பிள்ளைக்கு...” என்று தொடங்கினாள். கீர்த்திகன் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினான். பிறகு வாயைத் திறந்தான். கண் மூடியது, கழுத்து புடைத்தது. மிஸ்ஸுக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று வகுப்பில் கண்டதும் இதுதான். அவனுடைய பதிவில் பார்த்திருந்த ஊரை, “நெடுந்தீவா?” என்று அவர் மெல்ல எடுத்துக் கொடுத்தார். அவன் கையைக் காட்டி மறித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினான். மனோகரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பிள்ளைகள் வந்து, எட்டிப் பார்த்துப் போனார்கள். அவன் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியபிறகு அந்தச் சொல் வந்தது.

மிஸ் எழும்பி அவனுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு, அவன் இனி வகுப்பில் கதைக்கத் தேவையில்லை, எழுதித் தந்தால் காணும் என்றார். கேட்கும்போது அவனுக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த கணமே, எல்லோரும் வட்டத்தில் இருக்கத் தான் ஒருவன் மட்டும் வெளியே இருப்பது கண்ணில் தெரிந்தது.

“எ... எனக்கு மட்டும் வேண்டாம் மிஸ். எ... எல்லாருக்கும் குடுங்கோ.”

மிஸ் யோசித்துவிட்டு, ஓம் என்றார். அடுத்த வகுப்பிலிருந்து ஒரு நிமிடக் கணக்கு போயிற்று. விரும்பியவர்கள் கதைத்தார்கள், சிலர் வீட்டிலேயே குரலைப் பதிந்து கொண்டுவந்தார்கள், சிலர் பலகையில் எழுதினார்கள். ஹற்றன் பிள்ளை கதைத்தது. கீர்த்திகன் நெடுந்தீவின் நல்ல தண்ணிக் கிணறுகளைப் பலகையில் படமாகக் கீறினான், கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான். நிலக்ஷன் ஒன்றும் கேட்கவில்லை. பிறகும் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஆனால் போன புள்ளி போனதுதான். வராத வகுப்புகளுக்கு ஒன்றும் செய்ய ஏலாது என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். மிஸ் எவ்வளவோ கெஞ்சியும் நடக்கவில்லை. அந்தப் பாடத்தை அவன் அடுத்த வருடப் பிள்ளைகளோடு இருந்து திரும்பப் படிக்கிறான். புது முகங்கள், புது வட்டம். இப்போதும் வகுப்பு இருக்கிற நாட்களில் விடிய எழும்பிச் சத்தி எடுக்கிறான். வாயைக் கழுவிக்கொண்டு போகிறான்.