காலிப்பர் போல்ட்டில் ஒரு சிவப்புக் கோடு

எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பெருமையாகச் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. கேஸ் சிலிண்டரைக்கூட ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே, "எவனையும் நம்பாதளா, நீயே ஒருக்கா பாத்துக்கோ" என்று சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தேன்.

அவள் குற்றாலத்தில் கல்லூரியில் சேர்ந்ததும் பைக்தான் வேண்டும் என்று நின்றாள். ஸ்கூட்டர் வரைக்கும் நான் இறங்கி வந்தும் மசியவில்லை. வாங்கினோம். இந்தக் காலத்து வண்டி, தொட்டதற்கெல்லாம் சென்சார், போனோடு வேறு பேசும். முதல் சர்வீஸுக்கு விடும் முன் மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஆயில் ஃபில்டர் மூடியின் போல்ட்டுக்கும் மூடிக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டேன். போல்ட்டை யாராவது அசைத்தால் கோடு பிரிந்துவிடும். வண்டி பளபளவென்று திரும்பி வந்தது. ஃபில்டரை மாற்றிவிட்டோம் என்றார்கள். கோடு போட்டபடியே இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் அவர்கள் கடை வாசலிலேயே சாய்த்துவிட்டு வந்திருப்பேன்.

அதோடு வேறு ஆளிடம் விடுவதில்லை. ஸ்பேனர் செட்டு, போல்ட்டைத் தேவையான அளவுக்கு முறுக்கியதும் 'டிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் எல்லாம் வாங்கினேன். வண்டிக்கான கையேட்டைப் போனில் இறக்கி வரி வரியாகப் படித்தேன். சீசன் தொடங்கும் முன் பிரேக் பேடையும் நானே மாற்றினேன். ஐந்தருவி ரோட்டில் சாரல் விழுந்து தார் வழுக்கும். எண்ணெய் தேய்த்த தலையோடு ஜனம் நடுரோட்டில் நடக்கும். அதற்குள்தான் என் பிள்ளை ஓட்டிப் போகிறாள். முன்சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் போல்ட்டுகளை முறுக்கி, அவற்றிலும் சிவப்புக் கோடு போட்டுவைத்தேன்.

அந்த வாரமே கோடு பிரிந்திருந்தது.

போல்ட் தானாக அசையுமா? அசையாது. எவனோ கழற்றியிருக்கிறான். மகளைக் கேட்டேன். "எனக்கு என்னப்பா தெரியும்?" என்று போனைப் பார்த்தபடி சொன்னாள். சந்தேகம் முதலில் பக்கத்து வீட்டுக்காரர் மேல் போனது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் வண்டியைப் பிரிக்கும்போதெல்லாம் மதில் மேல் கையை ஊன்றி, "என்னவே, இன்னிக்கும் ஆப்பரேஷனா?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பழைய கோட்டைத் துடைத்து, மறுபடி முறுக்கி, புதுக் கோடு போட்டு, வண்டியை வீட்டுக்குள் ஏற்றி நிறுத்தினேன். "இது வீடா, ஒர்க்‌ஷாப்பா?" என்று மனைவி கத்தினாள்.

வீட்டுக்குள் நின்ற வண்டியிலும் கோடு பிரிந்தது. திரும்ப முறுக்கினேன். திரும்பப் பிரிந்தது. அப்படியானால் கல்லூரியில்தான் நடக்கிறது. என் பிள்ளையின் பிரேக்கில் எவனோ கை வைக்கிறான் என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்பவும் முறுக்கிக் கோடு போட்ட மறுநாள், நிலம் பார்க்கச் சிவகிரிக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, தெருமுனையில் ஆட்டோ பிடித்து அவள் பின்னாலேயே போகச் சொன்னேன்.

"பிள்ளை லவ்வா அண்ணாச்சி?" என்றார் டிரைவர்.

"வாய மூடிட்டு ஓட்டுடே."

அவள் கல்லூரிப் பக்கம் போகவில்லை. ஐந்தருவி ரோட்டில் திரும்பி ஒரு மெக்கானிக் கடை முன்னால் நிறுத்தினாள். கடைக்காரர் ஸ்பேனரோடு முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். என் காலிப்பர். என் போல்ட். நான் ஆட்டோவிலிருந்து குதித்தேன்.

"ஏட்டி! இங்க என்ன பண்ணுத?"

திடுக்கிட்டாள். ஆனால் இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. "நீங்க வேலை பாத்தா ஒருக்கா இவர்ட்ட காட்டி, கழட்டிப் பாக்கச் சொல்லுவேம்பா. நீங்களும் இப்ப வாராவாரம் முறுக்குதீய."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் தொட்டதால் இவள் காட்டியிருக்கிறாள். இவள் காட்டியதால் நான் தொட்டிருக்கிறேன்.

"அவர் என்ன தப்புக் கண்டுபிடிச்சாரு?"

"ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்லுதாரு."

"பொறவு எதுக்குளா? பெத்த அப்பனையே சந்தேகப்படுதியா?"

"ஓட்டுதது நான்லாப்பா."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஊரில் ஒருவனையும் நம்பாத என்னை என் மகளும் நம்பவில்லை. அதில் அவளைக் குறை சொல்லவும் எனக்கு வழியில்லை.

மெக்கானிக் சங்கடத்தோடு எழுந்து, "முறுக்கியாச்சு அண்ணாச்சி, கொண்டு போங்க" என்றார். அப்படியே விட்டுவிட என்னால் முடியுமா? ஸ்பேனரை அவர் கையிலிருந்து வாங்கிக் குந்தி, ஒவ்வொரு போல்ட்டாக அழுத்திப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. பிரேக்கைப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

"சரி, கிளம்பு" என்று எழுந்தேன்.

மகள் தன் கல்லூரிப் பையை என்னிடம் தந்துவிட்டு, என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா" என்று சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள்.