எலுமிச்சைத் தொட்டியின் மறுபக்கம்

மண் சோதிக்கும் தாளின் நுனி நிறம் மாறுவதற்குள் அவர் மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை கழற்றித் துடைத்துவிட்டார். டம்ளரில் ஒரு கரண்டி மண்ணும் குழாய்த் தண்ணீரும் கலங்கித் தெளிந்திருந்தன. அதில் தோய்த்த தாளை, பெட்டியின் மேல் அச்சடித்திருந்த வண்ணக் கட்டங்களோடு ஒட்டிப் பிடித்தார். மஞ்சள் வந்தால் மண்ணில் அமிலம் அதிகம். நீலம் ஏறினால் காரம் அதிகம். இடையில் இருக்கும் இளம்பச்சைதான் எலுமிச்சைக்கு ஒத்துக்கொள்ளும். இவருக்கு வந்ததோ நீலப்பச்சை. கட்டத்தில் போட்டிருக்கும் எண் ஏழரையா, எட்டா? பக்கத்துப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் தாளையும் பெட்டியையும் நீட்டி, "இதுவா, அதுவா?" என்று கேட்டார். அவர் பார்க்காமலேயே "அது" என்றார். அவருக்கு இது பழக்கமாகிவிட்டது.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை இவருக்கு. இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, நாள் முழுக்கக் கேட்பது இந்த ஒரு கேள்விதான். பதில் வந்தாலும் விடமாட்டார். "அவசரமே இல்ல, இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்பார். நல்ல பார்வையோடு உள்ளே போனவரும் வெளியே வரும்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படி இறங்குவார். குடியிருப்பில் இவருக்கு 'இதுவா அதுவா' என்றே பெயர். இவருக்கும் அது தெரியும். கேலியாகக் கூப்பிடுகிறார்களா, பிரியமாகவா என்பதில் மட்டும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

கவலை இவருடன் கூடப் பிறந்தது. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். போன் மணி அடித்தால் எடுப்பதற்கு முன்பே முகம் வெளுத்துவிடும். இத்தனை வருடமாக இதையெல்லாம் சமாளித்தது மனைவிதான். "பூட்டியாச்சு, நானே பாத்தேன், நடங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனிதர் நடப்பார். அந்த மனைவி இப்போது ஊரில் இல்லை. அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், அவருக்குத் துணையாக மனைவி போயிருக்கிறார். போகும்போது கணவரிடம் ஒப்படைத்தது ஒன்றே ஒன்று. தானே விதை போட்டு, தொட்டி மாற்றித் தொட்டி மாற்றி வளர்த்த எலுமிச்சை. இந்த வருடம்தான் முதன்முதலாக மொட்டு விட்டிருந்தது. "தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று ஆளை அறிந்துதான் சொல்லிவிட்டுப் போனார்.

அடியில் ஓர் இலை பழுத்தது. வேறு யாராவது என்றால் கிள்ளிப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பார்கள். இவர் செல்போனில் படித்துப் படித்து, மண்ணில் காரம் ஏறிவிட்டது என்று நடுங்கி, சோதனைத் தாள் வாங்கி வந்தார். நீலப்பச்சை. காரத்தை முறிக்கத் தண்ணீரில் வினிகர் கலந்து ஊற்றினார். மறுநாளும் அதே நீலப்பச்சை. இன்னும் கொஞ்சம் வினிகர். பிறகு கந்தகப் பொடி. தாள் அசைந்து கொடுக்கவில்லை. இலைகள்தான் கொட்டத் தொடங்கின. குந்தி உட்கார இடம் இருந்தது சுவர்ப் பக்கம் மட்டும் என்பதால் ஊற்றியதெல்லாம் அந்தப் பக்கத்து வேரிலேயே இறங்கியது. அந்தப் பக்கம் மொட்டையானது. தெருப் பக்கம் மட்டும் இன்னும் பச்சையாக நின்றது.

மாலையில் மனைவி வீடியோ அழைப்பில் வருவார். பச்சைப் பக்கம் தெரியும்படி இவர் தொட்டியை முன்பே திருப்பி வைத்துவிடுவார். "கொஞ்சம் திருப்பிக் காட்டுங்களேன்" என்று மனைவி கேட்டால், "சிக்னல் போகுது, நாளைக்குக் காட்டுறேன்" என்பார். சொன்ன பிறகு சோறு இறங்காது.

இன்று இவருக்குத் தாள்கள் மேலேயே சந்தேகம் வந்தது. மண்ணே இல்லாமல், வெறும் குழாய்த் தண்ணீரில் ஒன்றை நனைத்துப் பார்த்தார். அதே நீலப்பச்சை. இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இதுவா, அதுவா என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளும் அளந்தது மண்ணை அல்ல, குழாயை. அமிலமும் காரமும் இல்லாத, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரை ஓடிப்போய் வாங்கி வந்து, அதில் மண்ணைக் கரைத்துத் தாளை நனைத்தார். நல்ல மஞ்சள். நன்றாக இருந்த மண்ணை நோயென்று சொல்லி, மருந்து கொடுத்தே கெடுத்திருக்கிறார். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் விட்டு அலசினார். வேர் பிழைத்ததா இல்லையா என்பதைச் சொல்லத் தாள் எதுவும் கிடையாது.

அப்போது போன் அடித்தது. மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. இவர் பதறிக் கேட்க, மெதுவாகத்தான் பதில் வந்தது.

"அம்மா இதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ விழுந்திருக்காங்க. நான் கவலப்படுவேன்னு தம்பி சொல்லவே இல்ல. வாராவாரம் வீடியோல பாத்துட்டுதான் இருந்தேன், நல்லாத்தான் உக்காந்திருந்தாங்க."

இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போன்ல காட்டுறதத்தான பாக்க முடியுது" என்றார் மனைவி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி விடுங்க. செடிய காட்டுங்க. அதையாவது பாக்குறேன்."

பச்சைப் பக்கம் தயாராக முன்னால் நின்றது. சிக்னல் என்கிற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

போனைப் பால்கனிக் கம்பியில் சாய்த்து வைத்தார். பிறகு தரையில் குந்தி, தொட்டியை இரண்டு கைகளாலும் பிடித்து, இலையில்லாத பக்கம் மனைவியின் முகத்துக்கு நேரே வரும்வரை மெல்லத் திருப்பினார்.