இன்ஜினை மாற்றச் சொன்னேன்

கணவர் காலமான பிறகு அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை நான்தான் ஓட்டுகிறேன். ஒருநாள் அது கரும்புகை கக்கவே, ஓமலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன்.

மெக்கானிக் என்னைவிட இளையவர். இன்ஜினைத் திறந்து பார்த்தார்.

"ரிப்பேர் பண்ணுனாப் போதுமுங்க அக்கா. ஒரு வாரத்துல குடுத்தர்றேன்."

"வேண்டாம், டர்போ வச்சு எல்லாத்தையும் மாத்திருங்க."

"அதுக்கு மூணு மாசம் ஆகுமுங்க. அத்தனை வேகமா எங்கீங்க போகோணும்?"

எங்கும் போக வேண்டியதில்லை. வேலையைப் பார்க்கிற சாக்கில் மூன்று மாதமும் அங்கே வந்து உட்காரலாம், அவ்வளவுதான். ஜலகண்டாபுரத்தில் என் வீட்டில் டிவி மட்டும்தான் பேசும். அதை எப்படிச் சொல்வது? அவர்கள் கொடுத்த டீ தீர்ந்தும் கிளாஸைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ரிப்பேரே போதுமுங்க அக்கா. வண்டி நல்லா இருந்தாலும் வாங்க. டீ நேரத்துக்கு எல்லாரும் இங்கதான் இருப்போம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காரை எடுத்து வந்தபின் அந்தப் பக்கமே போகவில்லை. கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஒரு மாதம் கழித்து அவரே போன் செய்தார்.

"அக்கா, அன்னைக்கு நீங்க கிளம்பறப்ப இன்ஜின்ல ஒரு சத்தம் கேட்டுதுங்க. நாளைக்குக் கொண்டாங்க, பாத்தர்லாம்."

"ஆமாங்க தம்பி, எனக்குங்கூடக் கேட்டுது" என்றேன்.