டேஷ்போர்டில் வைத்த ஃபில்டர் பெட்டி

திருவில்லிபுத்தூரில் இருக்கும் என் மச்சான் தன் காருக்கு வெளிக்கம்பெனி ஆயில் ஃபில்டர்தான் போடுவார். எனக்கு அது இளக்காரம். "கண்ட தகரத்தையும் மாட்டி இன்ஜினைக் கொல்லுதீய மச்சான்" என்பேன். நான் கார் கம்பெனியின் ஒரிஜினல் ஃபில்டரே வாங்கி, வீடியோ பார்த்து நானே மாட்டினேன். காலிப் பெட்டியை அவர் கண்ணில் படும்படி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, மனைவியோடு ராஜபாளையத்திலிருந்து அவர் வீட்டுக்குக் கிளம்பினேன்.

பாதி வழியில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. வண்டி வெடிக்கப்போகிறதென்று ஓரம் கட்டி, "ஓடு, ஓடு" என்று கத்தியபடி நான் முதலில் ஓடினேன். தென்னந்தோப்புக்குள் நின்று திரும்பிப் பார்த்தால், மனைவி காரிலேயே உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்ஜினை நிறுத்தாமலே ஓடிட்டாருண்ணே. நாந்தான் சாவியத் திருப்பினேன்."

மச்சான் ஒரு மெக்கானிக்கோடு வந்தார். மெக்கானிக் அடியில் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் இன்ஜின்லயே ஒட்டிக் கெடக்கு அண்ணாச்சி. அது மேலயே புதுச முறுக்கியிருக்கீய. ரெண்டு வளையம் சேந்தா எந்த ஃபில்டரா இருந்தாலும் ஆயில் ஒழுகத்தான் செய்யும். அக்கா உடனே நிறுத்துனதால இன்ஜின் தப்பிச்சுது."

மச்சான் டேஷ்போர்டுப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெட்டி ஒரிஜினல்தான் மாப்ளே. மாட்டுன ஆளுதான் டூப்ளிகேட்டு."

இப்போது எந்த ஃபில்டர் நல்லதென்று நான் யாரிடமும் வாதாடுவதில்லை. கழற்றிய ஃபில்டரோடு பழைய வளையமும் வந்துவிட்டதா என்று தடவிப் பார்த்த பிறகே புதிதை மாட்டுகிறேன். அதை மனைவியிடமும் காட்ட வேண்டும். காட்டினால்தான் சாவி தருகிறாள்.