அரையிறுதியில் கவிழ்த்தது யார்?

உதைபந்தாட்டத்தில் தோற்றால் பின்வரிசையைத் திட்டுவது ஊர் வழக்கம். நான் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. எதிரணி ஒரு கோல் போட்டால் நாங்கள் இரண்டு போடவேண்டியதுதானே? அதைப் போடுவதற்குத்தானே முன்னுக்கு ஆட்கள் நிற்கிறார்கள்? முன்வரிசை தவறவிட்டால் மண்குடம், பின்வரிசை தவறவிட்டால் பொன்குடம். இந்த நியாயத்தை லண்டனில் எனக்குத் தெரிந்த எல்லாரிடமும் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். ஒரேயொரு வீட்டில்தான் குரலைத் தாழ்த்திச் சொல்லவேண்டியிருந்தது. அது நான் குடியிருந்த வீடு.

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஈஸ்ட் ஹாமில் அக்கா வீட்டில் ஒதுங்கியவன் நான். விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போனவர் அத்தான். மேலறையைத் தந்தார். தான் வேலைசெய்த பெற்றோல் நிலையத்திலேயே எனக்கும் ஷிப்ட் எடுத்துத் தந்தார். அந்தக் கோடையிலேயே எங்கள் ஊர் அணியிலும் சேர்த்துவிட்டார். நான் பின்வரிசையில் வலது பக்கத்துப் பாக். அவர் முன்வரிசையின் நடுவில் நிற்கும் போர்வேர்ட், ஒன்பதாம் நம்பர், கப்டன்.

கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டனில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் ஊர் ஊராக அணி கட்டிக்கொண்டு ஒரே மைதானத்துக்கு வருவார்கள். காலையில் பிரிவு ஆட்டங்கள் நடக்கும். பின்னேரம் தோற்றவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எங்கள் அணி காலையில் எல்லாரையும் அடித்துத் துவைக்கும், பின்னேரம் அரையிறுதியில் கவிழும். வருசம் தவறினாலும் இது தவறாது.

திரும்பி வரும் வான் வண்டியிலேயே வழக்கு தொடங்கிவிடும்.

"பின்னுக்கு வேலி இல்லாத வீட்டுக்கு முன்னுக்குக் கேற் போட்டு என்ன பிரயோசனம்?" என்பார் அத்தான். மற்றவர்களைப் பார்த்துச் சொல்லுவார், எனக்குத்தான் சுடும்.

"ஒரு கோல் அடிச்சிருந்தா வெண்டிருப்பம் அத்தான்," என்பேன் மெல்ல.

"பந்து வந்தாத்தானேடா அடிக்கிறது!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வாய்வரை வரும். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யக்கூடாது என்று விழுங்கிக்கொள்வேன். வீட்டில் அக்கா சோறு போட்டபடி, "முதல்ல சாப்பிடுங்கோ, பிறகு வெல்லலாம்," என்பாள்.

தொண்ணூறுகள் வந்தன, அரையிறுதி மாறவில்லை. ஒரு வருசம் தோற்ற பிறகு ஊர் ஒன்றியத்தின் கமிற்றி ஒரு முடிவெடுத்தது. இளம் பெடியள் வெளியில் காத்திருக்கிறார்கள், அடுத்த கோடைக்கு முன் ஒருவர் இடம் விடவேண்டும், பிழை பின்வரிசையில் என்றால் பின்வரிசையிலிருந்து, முன்வரிசையில் என்றால் முன்வரிசையிலிருந்து. பெயர் சொல்லவில்லை. ஆனால் அந்தந்த வரிசையில் மூத்தவர்கள் நாங்கள்தான், ஆகவே ஒன்றில் நான், இல்லாவிட்டால் அத்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பிழை என்னிடம் இல்லை என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனால் நான் வென்றால் அவருடைய சட்டை போய்விடும். கிழமை முழுவதும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, சிகரெட் எடுத்துக் கொடுக்கப் பிந்தினால் ஏச்சு வாங்கும் மனிதர் அவர். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஊரே அவரைக் 'கப்டன்' என்று கூப்பிடும். அதைப் பறிக்கும் கை என்னுடையதாக இருக்கக்கூடாது.

"வீடியோ இருக்குத்தானே, போட்டுப் பாப்பம்," என்றார் அத்தான். அந்த முறை அவரே ஆள் பிடித்து ஆட்டத்தைப் படம் எடுப்பித்திருந்தார். ஆள் வடக்கு லண்டன் எட்மண்டனிலிருந்து வரும் கல்யாண வீடியோகாரர். எங்கள் சனத்தில் கமரா தூக்கத் தெரிந்தவர் என்று வேறு யாரைக் கூப்பிடுவது?

ஒரு ஞாயிறு மத்தியானம் கமிற்றிக்காரர் மூவர் எங்கள் வீட்டு முன்னறையில் வந்து இருந்தார்கள். அக்கா தேத்தண்ணி கொடுத்தாள். அத்தான் கசற்றை வீடியோ டெக்கில் போட்டார்.

முதலில் நாதஸ்வரம். பிறகு ஒரு குத்துவிளக்கு. பிறகு ரோசாப்பூக்கள் பிரிந்து, இதய வடிவத்துக்குள் அத்தானின் முகம் வந்தது. அறை குலுங்கிச் சிரித்தது, அத்தானும் சிரித்தார். கல்யாண வீடியோகாரருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான்: மாப்பிள்ளையை விட்டுக் கமரா விலகக்கூடாது. தன்னைக் கூப்பிட்டவரையே அவர் மாப்பிள்ளையாக எடுத்துவிட்டார். பந்து எங்கே போனாலும் கமரா அத்தானோடு நின்றது. அவரை விட்டு அது விலகியது ஒரே ஒரு தடவை. மைதானத்தில் பெரிய சத்தம் கேட்டது, எதிரணி கோல் போட்டுவிட்டது என்று விளங்கியது, திரையில் ஒரு மாமி ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

இரண்டாம் பாதி முழுக்க அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தோம். முழங்காலில் கை ஊன்றி நிற்கிறார். பந்து காலுக்கு வருகிறது, அவர் திரும்புவதற்குள் வேறொருவன் கொண்டுபோய்விடுகிறான். பக்கத்தில் காவலில்லாமல் நிற்கும் பெடியன் கையைக் காட்டுகிறான், அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை. பெடியளுக்கு அத்தான் 'அண்ணை', அண்ணை நிற்கும்போது அண்ணைக்குத்தான் பந்து. அது எங்கள் அணியின் மரியாதை. கமரா தாலி கட்டும் நேரம்போல அவர் முகத்துக்குக் கிட்டப் போனது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

இத்தனை வருசமும் நான் சொன்னதெல்லாம் சரியென்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு துளி சந்தோசமும் இல்லை.

"பந்தையே காட்டேல்லை. இதில என்ன தெரியும்?" என்று எழுந்து டெக்கை நிறுத்தப் போனேன்.

"இரு. ஓடட்டும்," என்றார் அத்தான்.

கசற் முடியும்வரை பார்த்தார். பிறகு கமிற்றிக்காரரிடம் கேட்டார்: "இந்த மனுசனை ஏன் ஒருத்தரும் வெளியில எடுக்கேல்லை?"

கமிற்றிச் செயலாளர் ஆறிப்போன தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தார். குசினி வாசலில் நின்ற அக்காதான் சொன்னாள்: "ஆர் சொல்லுறது? சொன்னா நீங்கள் விட்டிருப்பியளோ?"

"விட்டிருக்க மாட்டன்," என்றார் அத்தான்.

மேலே போய், அக்கா தோய்த்து மடித்து வைத்திருந்த ஒன்பதாம் நம்பர் சட்டையைக் கொண்டுவந்து செயலாளரின் மடியில் வைத்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அடுத்த வசனத்தில் அது பறந்துபோனது.

"இனி நான் தம்பியோட பின்னுக்கு நிக்கிறன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பின்வரிசை என்ன, ஓடமுடியாதவர்கள் தங்கும் மடமா? ஆனால் கமிற்றி தலையாட்டியது, நானும் ஆட்டினேன்.

அடுத்த கோடையும் காலையில் வென்று, பின்னேரம் அரையிறுதிக்கு வந்தோம். அத்தான் ஓடவில்லை, ஆனால் பந்து வரும் இடத்தில் போய் நின்றார். அதை நான் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். முன்னுக்கு நின்ற பெடியள் கம்பத்துக்கு அடித்தார்கள், மேலால் அடித்தார்கள், ஒருவன் கொத்துரொட்டிக் கடைக்குள் அடித்தான். ஆட்டம் முடியப்போகும் நேரம் ஒரு பந்து எனக்கும் அத்தானுக்கும் நடுவால் வந்தது. அவர் எடுப்பார் என்று நான் விட்டேன், நான் எடுப்பேன் என்று அவர் விட்டார். கோல். தோற்றோம்.

அது பின்வரிசையின் பிழைதான், வேறு கதையே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு ஏச்சுக்குக் காத்திருந்தேன். அத்தான் இடுப்பில் கையை ஊன்றி, முன்வரிசையைப் பார்த்துக் கத்தினார்.

"முன்னுக்கு நிண்டு என்னடா செய்தனீங்கள்? உங்களுக்கு ஒரு கோல் அடிக்கத் தெரியாட்டி, பின்னுக்கு நிக்கிற நாங்கள் என்ன செய்யிறது?"

எனக்கு வந்த சந்தோசத்தை வெற்றிக் கிண்ணமும் தந்திருக்காது. "கேளுங்கோ அத்தான், நல்லாக் கேளுங்கோ!" என்று நானும் சேர்ந்து கத்தினேன்.

ஈஸ்ட் ஹாம் வரும்வரை வான் வண்டியில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. முன்வரிசையைக் கிழித்துத் தோரணம் கட்டினோம். முன்சீற்றிலிருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அது சரி, அந்தக் கடைசிப் பந்தை விட்டது ஆர்?"

அத்தான் ஒரு யன்னலால் வெளியே பார்த்தார். நான் மற்ற யன்னலால் பார்த்தேன்.