வலது பக்கத்து நரம்பு

ஓக் பியோங்தால் முப்பத்தைந்து வருஷம் கோஜே தீவில் கப்பல் தேய்த்தவர். வெல்டிங் வைக்கிறவர்கள் வைத்துவிட்டுப் போவார்கள், வண்ணம் அடிக்கிறவர்கள் அப்புறம் வருவார்கள். நடுவில் வெல்டிங் பிசிறைக் கிரைண்டரால் தேய்த்து வழவழப்பாக்கித் தர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அவர். கையை வைத்துத் தடவிப் பார்த்தே எங்கே இன்னும் முடிச்சு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். வேலைக்கு ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதைத் தானாகச் சொல்லமாட்டார். பேச்சை மெல்ல அந்தப் பக்கம் திருப்பி, அடுத்தவர் வாயால் சொல்ல வைப்பார்.

அறுபதில் ஓய்வு கொடுத்த பிறகு, கப்பல் கட்டும் தளத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டினார். கொஹ்யோன் ஊரிலிருந்து தளத்து வாசல் வரைக்கும் நாற்பது நிமிஷம். அறுபத்திமூன்று வயதில் அந்த நாற்பது நிமிஷம் அவருக்கு நீளமாகிவிட்டது. பாதி வழியில் பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, கொல்லைப்பக்கம் ஓடுவார். பின் சீட்டில் இருக்கிற வெல்டிங்காரர்கள் சும்மா இருப்பார்களா?

"ஊர்ல எல்லா வண்டியும் இங்க ரொப்புறதுக்கு நிக்கும். நம்ம வண்டி மட்டுந்தான் காலி பண்றதுக்கு நிக்குது."

"டிரைவரண்ணே, எங்க வயித்தையும் கொஞ்சம் யோசிங்க. லேட்டானா காலை டிபன் தீந்துபோயிரும்."

அவரும் சிரித்துக்கொண்டே ஏறி உட்காருவார். வயசானால் வருவதுதானே என்று விட்டுவிட்டார்.

அந்த நவம்பரில் டிரைவர்களுக்கு வருஷாந்திர ரத்தப் பரிசோதனை. பி.எஸ்.ஏ. என்ற ஒரு எண் எட்டு புள்ளி ஆறு என்று வந்தது. நாலுக்குள் இருக்க வேண்டுமாம். கொஹ்யோன் டாக்டர் விரலால் புராஸ்டேட் சுரப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"கைக்கு ஒண்ணும் தட்டுப்படல. ஆனா நம்பர் சரியில்ல. முன்னெல்லாம் நேரா ஊசிய விட்டுப் பன்னெண்டு இடத்துல குத்திப் பாப்போம். பட்டா பட்டது, படாட்டி இல்ல. இப்ப அப்பிடியில்ல. மொதல்ல எம்.ஆர்.ஐ. எடுத்துருவோம். எங்க சந்தேகமோ அங்க மட்டும் குத்திக்கலாம். பூசான் போங்க."

மனைவி மல்சுன்னிடம் இதைச் சொல்லப் பதினோரு நாள் ஆனது. குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போடுகிற நாள். எண்பது முட்டைக்கோஸ் உப்பில் ஊறி, கழுவி, வடிந்து அடுக்கியிருந்தது. மல்சுன்னின் இரண்டு கையிலும் முழங்கைவரை மிளகாய் விழுது. அடிக்க முடியாது என்ற தைரியத்தில் அப்போது சொன்னார்.

அவள் இலை இலையாய் விழுது தடவுவதை நிறுத்தவில்லை.

"என்னிக்கு வந்துச்சு காகிதம்?"

"ரெண்டு மூணு நாளாச்சு."

"ஹேரிம் அப்பா, நீங்க பொய் சொன்னா காது சிவக்கும். எண்ணி இன்னும் நாலு முட்டைக்கோஸ் ஆகட்டும். கை கழுவிட்டு வந்து பேசிக்கிறேன்."

டிசம்பரில் இருவரும் கடலடிச் சுரங்கம் வழியாகப் பூசானுக்குப் பஸ் ஏறினார்கள். பெரிய ஆஸ்பத்திரி. எம்.ஆர்.ஐ. அறை வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இதயத்தில் கருவி இருக்கிறதா, காதில் இருக்கிறதா, எலும்பில் தகடு, உடம்பில் எங்கேயாவது இரும்பு? பியோங்தால் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று வரிசையாக வட்டம் போட்டு நீட்டினார்.

படம் எடுக்கிற பெண்ணின் பெயர் சொக். ஐம்பதை ஒட்டிய வயது. படிவத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கன்னத்துல என்ன ஐயா, மச்சமா?"

"மச்சந்தான்."

"நீலமாவா மச்சம் இருக்கும்?"

மல்சுன் குறுக்கே வந்தாள். "மச்சமுமில்ல மண்ணுமில்லம்மா. இரும்புத் தூளு. இந்த மனுசனைத் தராசுல வச்சா பழைய இரும்புக் கடைக்காரன் வேண்டாம்னு சொல்லமாட்டான்."

"என்ன வேலை பாத்தீங்க?"

"பஸ் ஓட்டுறேன்."

"அதுக்கு முன்ன?"

அவர் சொன்னார். சொக் பேனாவைக் கீழே வைத்தாள். "கண்ணுல எப்பவாச்சும் பட்டிருக்கா?"

"இல்ல."

"ஏன் இல்ல?" என்றாள் மல்சுன். "ஹேரிம் என் வயித்துல இருந்தப்ப, ஒரு கண்ணுல துணியக் கட்டிட்டு வந்து நிக்கல? மறுநா காலையில வேலைக்குப் போகல?"

"அத அன்னிக்கே எடுத்தாச்சு."

எடுத்தது உண்மைதான். எண்பத்தேழில், இப்போது இல்லாமலே போய்விட்ட ஒரு சின்ன ஒப்பந்தக் கம்பெனியில், கங்காணி ஒருவர் இமையைப் புரட்டிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஊசிமுனையால் எடுத்தார். தீப்பொறியோடு வந்தது ஒன்றா இரண்டா என்று யாரும் எண்ணவில்லை.

சொக் அவரை எக்ஸ்ரேக்கு அனுப்பினாள். இடது கண் ஓரத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அன்றைக்கு எம்.ஆர்.ஐ. கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

பியோங்தாலுக்குக் கோபம் வந்தது. "முப்பத்தேழு வருசமா சும்மா கெடந்தது, இன்னிக்கா எந்திரிச்சு ஓடப்போகுது?"

"எந்திரிக்க வைக்கிற மிஷின்தான் ஐயா இது. அம்புட்டும் காந்தம். இழுத்தா கண்ணுக்குள்ள என்னத்த கிழிக்கும்னு யாரும் சொல்ல முடியாது. கோவிச்சுக்கிட்டே போங்க, பரவால்ல. ரெண்டு கண்ணோட போங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் கோபம் கடலைத் தாண்டும்போதே வடிந்துவிட்டது. அதன் கீழே இருந்தது பயம். அதுவரைக்கும் அந்த எட்டு புள்ளி ஆறு என்ற எண்ணை அவர் உள்ளபடி நம்பவில்லை. தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியாதா என்றே இருந்தார். வெல்டிங் பிசிறை விரலால் கண்டுபிடிக்கிற மனுஷர், சொந்தக் கண்ணில் இருந்த இரும்பை முப்பத்தேழு வருஷமாக அறியவில்லை. அப்படியானால் மற்றதும் இருக்கலாம். அன்று வீட்டுக்கு வந்ததும் அவரே மகள் ஹேரிமுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். மல்சுன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கண் டாக்டர் மரத்துப்போக மருந்து விட்டு, வெள்ளை விழியின் மேல்தோலுக்கு அடியிலிருந்து இருபது நிமிஷத்தில் அதை எடுத்துவிட்டார். எள்ளில் பாதிகூட இல்லை. ஜனவரி கடைசியில் மறுபடி எக்ஸ்ரே எடுத்து, புள்ளி இல்லை என்று பார்த்த பிறகே சொக் அவரைக் குழாய்க்குள் அனுப்பினாள்.

உள்ளே தடதடவென்று சத்தம். பலருக்கு அந்தச் சத்தத்தில் மூச்சு முட்டும், கையில் கொடுத்திருக்கும் ரப்பர் பந்தை அமுக்கி வெளியே எடுக்கச் சொல்லிக் கத்துவார்கள். கப்பலின் அடிவயிற்றுக்குள் படுத்து வேலை செய்தவருக்கு அது தாலாட்டாக இருந்தது. பியோங்தால் அரைமணி நேரம் தூங்கினார். "குறட்டையில படம் ஆடிருமோன்னு பயந்துட்டேன்" என்றாள் சொக்.

படத்தில் இடது பக்கம், பின்னோரமாக, பதினாலு மில்லிமீட்டருக்கு ஒரு கறுப்பு. விரலுக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது, ஆனால் மேடு கட்டாமல் தட்டையாகப் படிந்திருந்தது. பிப்ரவரியில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அந்தக் கறுப்பிலேயே நாலு ஊசி குத்தினார்கள், மற்ற இடங்களிலும் கொஞ்சம். கறுப்பில் எடுத்த நாலு துண்டிலும் புற்றுநோய் இருந்தது. மிக மோசமான வகை இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று விடக்கூடிய வகையும் இல்லை. எலும்புக்கோ வேறெங்குமோ பரவவில்லை.

மார்ச்சில் அறுவை டாக்டர் மா அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நாற்பது வயசுக்காரர், சுருக்கமாகப் பேசுகிறவர். திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் அக்ரூட் கொட்டை மாதிரி ஒன்று.

"இதுதான் சுரப்பி. சுத்தி இருக்கிற கோடு அதோட ஓடு. எடது பக்கம் பாருங்க, கறுப்பு உள்ளருந்து ஓட்டுச் சுவரைத் தள்ளுது. தாண்டிருச்சான்னு படத்தை வச்சு உறுதியாச் சொல்ல முடியல. தாண்டலாம்னு வச்சுக்கிட்டுத்தான் வெட்டணும்." பேனாமுனை ஓட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் தொட்டது. "இங்கயும் இங்கயும் நரம்புக் கொத்து போகுது. ஆம்பளைத்தனத்துக்கு இது ரெண்டும் வேணும். எடதை விடமுடியாது, சேத்து எடுத்துருவேன். வலது பக்கம் சுத்தமா இருக்கு. அதை உரிச்சு ஒதுக்கி விட்டுறலாம்னு பாக்குறேன். அப்புறம் மூத்திரக் குழாயோட இந்தத் துண்டு உங்களுக்குக் கொஞ்சம் நீளம். ஒழுக்கு சீக்கிரம் நிக்க அது நல்லது."

பியோங்தால் திரையைப் பார்க்காமல் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு டாக்டர் வம்பு. வயசாயிருச்சு. ரெண்டு பக்கமும் எடுத்துருங்க. மிச்சம் மீதி இல்லாம போகட்டும்."

"யாருக்கு வயசாயிருச்சு?" என்றாள் மல்சுன்.

டாக்டர் பேனாவை மூடினார்.

"உங்களுக்கு வேண்டாம், சரி. எனக்கு அறுபத்தியொண்ணு. எனக்கு வேணுமா வேண்டாமான்னு நீங்க கேட்டீங்களா? முப்பத்தெட்டு வருசத்துல ஒருநாள்? எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணிட்டு, பதினோரு நாள் கழிச்சுச் சொல்லுவீங்க."

"ஏ, வெளிய போய்ப் பேசிக்கலாம்."

"வெளிய போனா நீங்க பேசமாட்டீங்க. டாக்டர், வலது பக்கத்தை விட்டா நோய் மிஞ்சுமா, அதச் சொல்லுங்க. மிஞ்சும்னா நானே எடுக்கச் சொல்லிருவேன். இந்த மனுசன் உசுரோட வேணும். அது மொதல்ல."

"படத்துலயும் ஊசியிலயும் அந்தப் பக்கம் ஒண்ணுமில்லம்மா. அறுவை நடக்கும்போதே அந்த ஓரத்துல ஒரு துண்டு எடுத்து உறைய வச்சுப் பாப்போம். சந்தேகம் வந்தா அப்பவே எடுத்துருவேன்."

"அப்ப விட்டுருங்க."

பியோங்தாலின் கழுத்தெல்லாம் சிவந்துபோயிற்று. ஒப்புதல் காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். வராந்தாவில் வந்து நின்ற பிறகு, "அந்தச் சின்னப் பய முன்னாடி இப்பிடியா பேசுவ" என்றார்.

"அவன் தெனம் அதத்தான் வெட்டுறான். அவனுக்கென்ன வெக்கம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பின் கண் கலங்கியது. மல்சுன் பார்க்காத மாதிரி கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் அறுவை நடந்தது. ரோபோ கைகளை டாக்டர் மா மேடையில் உட்கார்ந்து ஓட்டினார்; பக்கத்துத் திரையில் அந்த எம்.ஆர்.ஐ. படம் திறந்தே இருந்தது. மூன்றரை மணி நேரம். வலது ஓரத்தில் எடுத்த துண்டு சுத்தம் என்று அரைமணியில் சொல்லி அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து முழு அறிக்கை வந்தது. இடது பக்கத்தில் நோய் ஓட்டுச் சுவரை மயிரிழை தாண்டியிருந்தது. அகலமாக வெட்டியதால் வெட்டிய ஓரத்தில் ஒன்றுமில்லை.

வெளியே தெரியக்கூடாது என்றுதான் பியோங்தால் நினைத்திருந்தார். ஒரு வாரம் மூத்திரப் பையைக் காலில் கட்டிக்கொண்டிருந்தவரைப் பார்க்க, பழைய கிரைண்டர்க் கூட்டாளி சுன்போ இரண்டு கெண்டை மீனோடு வந்துவிட்டார். யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "ஊருக்கே தெரியும். ஒன் பொண்டாட்டி மருந்துக்கடையில சத்தமா டயப்பர் அளவு கேட்டுட்டு இருந்தா" என்றார். மீனைக் கொடுத்த பிறகும் எழுந்து போகவில்லை.

"எனக்குப் பதினொண்ணு."

"என்ன பதினொண்ணு?"

"அதாண்டா. அந்த நம்பர். போன வருசமே."

"போன வருசமா? ஏண்டா மூதேவி, ஒரு வருசமா என்ன பண்ணிட்டு இருந்த?"

"நீ என்ன பண்ண? பெட்ரோல் பங்குக்கு ஓடிட்டு இருந்தேல்ல? நானும் அதத்தான்."

அடுத்த வாரம் சுன்போவைப் பூசானுக்குக் கூட்டிப்போனது மல்சுன்தான். சுன்போவின் கண்ணில் ஒன்றுமில்லை, படத்திலும் பெரிதாக ஒன்றுமில்லை. வீங்கிய சுரப்பி, மாத்திரை போதும் என்றார்கள். சில பேருக்கு அப்படியும் முடியும். பியோங்தாலுக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, சின்னதாக ஒரு வயிற்றெரிச்சலும் இருந்தது. இரண்டாவதை மல்சுன்னிடம் மட்டும் சொன்னார். சொல்லப் பதினோரு நாள் எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் மாதம் ஒரு நாளைக்கு ஐந்து பேட் தேவைப்பட்டது. இருமினால் ஒழுகும், முட்டைக்கோஸ் கூடையைத் தூக்கினால் ஒழுகும். ஆகஸ்டில் இரண்டாகக் குறைந்தது. செப்டம்பரில் மறுபடி பஸ்ஸில் ஏறினார். வண்டி ஓட்டுகிற நாளில் மட்டும் ஒன்று வைத்துக்கொண்டார். மற்றதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பழையபடி ஆகவில்லை. ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது, அதற்கு முந்திய முப்பத்தெட்டு வருஷத்தில் பேசியதைவிட அதிகம் என்று மல்சுன் மகளிடம் சொன்னாள். ஹேரிம் என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, அவள் போனை வைத்துவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்து ரத்தத்தைச் சோதித்தபோது அந்த எண், கருவி அளக்கிற அளவுக்கும் கீழே இருந்தது. ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். இருவரும் பூசான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பன்றிக்கறி சூப்பில் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். மல்சுன் தன் கிண்ணத்திலிருந்த கறித்துண்டுகளை எடுத்து அவர் கிண்ணத்தில் போட்டாள். அவர் பாதியைத் திருப்பிப் போட்டார். சூப்பு ஆறும்வரை இதிலேயே சண்டை நடந்தது. மூன்றரை மணி பஸ்ஸை விட்டுவிட்டார்கள். நாலேகாலுக்கு இன்னொன்று இருந்தது.