வாசல் சுவரில் ஒட்டிய சுண்ணாம்பு

கொத்தனாரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சுவரின் நேர் பார்க்க நூலில் தொங்கவிடுவார்களே, அந்தத் தூக்குக்குண்டு என்றுதான் சொல்வார்கள். நாற்பது வருஷம் சுவர் எழுப்பிய மனுஷன். துக்கம் கேட்கப் போன வீட்டிலும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்ப்பார். கையும் சும்மா இருக்காது. அப்பேர்ப்பட்டவரை மகள் விமானம் ஏற்றி, தான் வேலை பார்க்கும் இடத்துக்கே வரவழைத்தால் என்ன ஆகும்?

வெளிநாட்டில் ஒரு பழங்காலக் கோயில். கூரை எப்போதோ இடிந்து விழுந்து, சுவர்களும் வாசலும் மட்டும் மிச்சம். அந்தச் சுவர்களைக் கண்காணிப்பதுதான் மகளுக்கு வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. அவரை வாசலில் நிறுத்திவிட்டு மகள் தண்ணீர் வாங்கப் போனாள். அந்த ஐந்து நிமிஷத்தில், சுவரில் ஒரு விரிசலும் அதன் குறுக்கே அப்பியிருந்த சுண்ணாம்பும் அவர் கண்ணில் பட்டன.

"எந்தப் புண்ணியவான் பூசின பூச்சுடா இது!" என்று நகத்தால் நெம்பினார். பெயர்ந்து வந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மகள் திரும்பி வந்தாள். "அப்பா, சுவர்ல கை வெச்சுடாதீங்க. விரிசல் மேல சுண்ணாம்பு ஒட்டி வெச்சிருக்கோம். சுவர் அசைஞ்சா அது ரெண்டாப் பிளந்துடும், உடனே ஆளுங்கள வெளியேத்திடுவோம். வாரா வாரம் நான்தான் பாத்துக் கையெழுத்துப் போடறேன்."

கொத்தனார் பைக்குள் விரலை விட்டுத் துழாவினார். இரண்டு துண்டு! தன் நகம் பட்டு உடைந்ததோ? மகள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் எடுத்துப் பார்த்தார். இப்போது உடைந்திருந்தால் ஓரம் வெள்ளை வெளேரென்று இருக்கும். இதிலோ தூசி படிந்திருந்தது.

பாழாய்ப்போன கை! சொன்னால் பெற்ற மகள் வேலைக்குத் தானே உலை வைத்ததாகும். சொல்லாவிட்டால்? வாசலுக்கு நேர் கீழே ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு பஸ் கூட்டமே வந்துகொண்டிருந்தது.

"பாப்பா, ஒரு மடத்தனம் பண்ணிட்டேன்" என்று துண்டுகளை நீட்டினார். "பேத்தெடுத்தது நான்தான். ஆனா பிளந்தது என் கையால இல்ல. ஓரத்தைப் பாரு, தூசி. சுவர் முன்னாடியே நகர்ந்திருக்கு."

மகள் துண்டுகளை வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "போன வாரம் நான் இதைப் பாக்கவே இல்லப்பா. உங்களக் கூட்டிட்டு வர ஏர்போர்ட்டுக்கு ஓடற அவசரம். பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அப்ப நான்தான் உடைச்சேன்னு சொல்லிடு. வயசான ஆளு, விட்டுடுவாங்க."

"அப்படிச் சொன்னா புதுசா சுண்ணாம்பு ஒட்டிட்டுப் போயிடுவாங்க. சுவர் நிக்குமாப்பா?"

மகள் கழுத்திலிருந்த விசிலை ஊதிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அந்த ஊர் பாஷை ஒரு வார்த்தை தெரியாத கொத்தனாரும், "வெளிய வாங்க, வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

கடைசி ஆளும் வெளியேறிய பிறகு மகள் ஆபீசுக்குப் போன் போட்டுப் பேசினாள்.

"என்னைத்தானே சொன்ன?" என்றார் கொத்தனார் கெஞ்சலாக.

"உங்களையும் சொன்னேன். முதல்ல என் கையெழுத்தைச் சொன்னேன்" என்றாள் மகள்.